உடம்பு வைப்பதெல்லாம் சுகம் அல்ல

வெளியூர் போய் வந்த ஒருவரைப் பார்த்து, "நல்லா உடம்பு வச்சிட்டீங்களே, அங்க சாப்பாடு நல்லா இருக்கு போல" என்று விசாரிப்பது தோட்டத்தில் ஒரு மரியாதை. மெலிந்து வந்தால்தான் கவலைப்படுவோம். மட்டக்களப்புப் பக்கமும் இதே கதைதான். "என்னகா புள்ள, இப்படி மெலிஞ்சு போயிட்டாய்?" என்று கேட்டு, இன்னுமொரு அகப்பை சோற்றைக் கூடப் போடுவார்கள்.

இப்படி நினைப்பதில் நியாயம் இருக்கிறது. பட்டினியையும் கூப்பன் அரிசியையும் கண்டவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். அவர்கள் காலத்தில் சதைப்பிடிப்பு என்றால் வீட்டில் சாப்பாடு இருக்கிறது, நோய் இல்லை என்று அர்த்தம். ஆனால் இன்றைக்கு டிஸ்பென்சரியிலும் கிளினிக்கிலும் சீனி வருத்தத்துக்கும் பிரஷருக்கும் மருந்து எடுக்க நிற்கும் வரிசையைப் பாருங்கள். அதில் கணிசமானோர் வயிற்றுப் பகுதி பருத்தவர்கள். அவர்கள் பணக்காரர்கள் அல்ல. நம்மைப் போன்றவர்கள்தான்.

"உடற்பருமன் வசதியானவங்களுக்கு வர்ற வியாதி, நமக்கு எங்க வரப்போகுது" என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். உடற்பருமன் என்றால் என்ன, அது ஏன் வருகிறது, சாப்பாட்டாலும் உடற்பயிற்சியாலும் அதை எப்படித் தடுக்கலாம் என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

உடற்பருமன் என்றால் என்ன?

நாம் சாப்பிடும் உணவு உடம்புக்குள் போய்ச் சக்தியாக மாறுகிறது. அந்தச் சக்தியைக் கலோரி என்ற கணக்கில் அளக்கிறார்கள். மலை ஏறவும் கொழுந்து எடுக்கவும் விறகு சுமக்கவும் அது செலவாகிறது. இருதயம் துடிக்கவும் மூச்சு விடவும் கூட செலவாகிறது. வரவும் செலவும் சமமாக இருந்தால் நிறை மாறாது. வரவு கூடிச் செலவு குறைந்தால் மிச்சத்தை உடம்பு கொழுப்பாக மாற்றிச் சேமித்து வைக்கிறது. சேமிப்பு அளவுக்கு மிஞ்சிப்போய் உடம்புக்குக் கெடுதல் செய்யும் நிலையே உடற்பருமன்.

அதை அறிய ஒரு கணக்கு உண்டு. உங்கள் நிறையைக் கிலோவில் எடுங்கள். உயரத்தை மீற்றரில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்குங்கள். நிறையை அந்த விடையால் வகுங்கள். வருவது உடற்திணிவுச் சுட்டி. 150 சென்ரிமீற்றர் உயரமும் 60 கிலோ நிறையும் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 1.5 ஐ 1.5 ஆல் பெருக்கினால் 2.25. 60 ஐ 2.25 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 26.7.

வெள்ளைக்காரருக்கு 25 வரை சரி என்று கொள்வது வழக்கம். நம்மைப் போன்ற ஆசிய மக்களுக்கு அதைவிடக் குறைந்த நிறையிலேயே நீரிழிவும் இருதய நோயும் தொடங்கிவிடுகின்றன. ஆகவே 2004 ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு, ஆசிய மக்கள் 23 இலிருந்தே கவனமாக இருக்க வேண்டும், 27.5 ஐத் தாண்டினால் ஆபத்து மிக அதிகம் என்று சொன்னது. 150 சென்ரிமீற்றர் உயரமான பெண்ணுக்கு 23 என்பது 52 கிலோ அளவிலும், 27.5 என்பது 62 கிலோ அளவிலும் வரும்.

கணக்கு வேண்டாம் என்பவருக்கு ஒரு கயிறு போதும். உங்கள் உயரத்துக்கு ஒரு கயிற்றை வெட்டுங்கள். அதைச் சரிபாதியாக மடியுங்கள். மடித்த கயிறு உங்கள் வயிற்றைச் சுற்றி வந்து முட்டினால் நல்லது. முட்டாவிட்டால் வயிற்றில் கொழுப்புக் கூடியிருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள். அளவு நாடா இருந்தால், ஆணுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80 சென்ரிமீற்றரும் எல்லை. கையிலும் தொடையிலும் உள்ள கொழுப்பைவிட வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றிச் சேரும் கொழுப்பே அதிகக் கெடுதல் செய்கிறது. கைகால் மெலிந்து வயிறு மட்டும் தள்ளியிருப்பவர், "நான் ஒல்லிதானே" என்று இருந்துவிடக் கூடாது.

வாவிக்கரையில் என்ன நடந்தது?

உடற்பருமன் ஏழை வீட்டுக்குள் எப்படி வருகிறது என்பதை அறிய மட்டக்களப்பு வாவிக்கரையைப் பார்ப்போம். அது நமக்கு அந்நியமான ஊர் அல்ல. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு தோட்டத்தை விட்டு இறங்கிய நம் சொந்தங்கள் சிலர் அந்த மாவட்டத்திலும் குடியேறினார்கள்.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. கடலோரமாக, சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. மேற்கே, சூரியன் படும் பக்கம் படுவான்கரை. எழுவான்கரையில் மீன்பிடியும் தென்னையும் கடைத்தெருவும். படுவான்கரையில் வயலும் மாடும் சேனைப்பயிரும். நெல் விதைப்பதை அங்கே "வேளாண்மை செய்வது" என்றே சொல்வார்கள்.

ஒரு தலைமுறைக்கு முன் அங்கே ஒரு நாள் எப்படி இருந்தது? ஆண்கள் தாக்கத்தி எடுத்து வேளாண்மை வெட்டினார்கள். களவெட்டியில் சூடு மிதித்தார்கள். தோணி தள்ளி வலை வீசினார்கள். பெண்கள் நெல்லைக் குற்றி, மா இடித்து, கிணற்றில் தண்ணீர் அள்ளிச் சுமந்தார்கள். மண்முனையில் வாவியைக் கடப்பதற்கு "பாதை" என்று சொல்லும் மிதவைதான் இருந்தது. அதுவரைக்கும் நடை அல்லது சைக்கிள். சாப்பாடு என்றால் நாட்டரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, வாவி மீன், கூனி, கீரை. ஒரு கோப்பை நிறையச் சோறு சாப்பிட்டாலும் பொழுது சாய்வதற்குள் அது வேலையில் கரைந்துவிடும்.

இப்போது நெல்லை மெசின் வெட்டுகிறது, மெசினே அடித்தும் தருகிறது. மாவை மில் அரைக்கிறது. தண்ணீர் குழாயில் வருகிறது. 2014 ஏப்ரலில் மண்முனைப் பாலம் திறந்த பிறகு மோட்டார் சைக்கிளில் சில நிமிடத்தில் அக்கரை போய்விடலாம். இதெல்லாம் நல்ல காரியங்கள். பிரசவ வலி எடுத்த பெண்ணைப் பாதைக்காகக் காத்துநிற்க வைக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடிகிறதே, அது சின்ன விஷயமா? பாலமும் மெசினும் குற்றவாளிகள் அல்ல.

ஆனால் வேலை குறைந்த அளவுக்குத் தட்டில் சோறு குறையவில்லை. பழைய சோற்றோடு புதிதாகப் பாணும் பணிசும் வந்து சேர்ந்தன. கொத்து ரொட்டியும் ரோல்சும் போத்தல் சோடாவும் வந்தன. நாட்டரிசி இருந்த இடத்தில் தீட்டின வெள்ளை அரிசி வந்தது. வயலில் உழைத்த உடம்பு கேட்ட அளவையே, கடையில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கும் கொடுத்தார்கள். பசி பழைய பழக்கத்தில் நின்றது. உடம்பு மட்டும் மாறிவிட்டது. இன்று மட்டக்களப்பு நகரத்தில் காந்தி பூங்காப் பக்கமும் கல்லடிக் கடற்கரையிலும் காலையில் நடப்பவர்களிலும், டொக்டர் நடக்கச் சொன்ன பிறகு நடக்கத் தொடங்கியவர்கள் இருக்கிறார்கள்.

2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையில் நீரிழிவு, இருதய நோய் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. அப்போது யுத்தம் நடந்ததால் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் அளக்க முடியவில்லை. மற்ற ஏழு மாகாணங்களிலும், ஆசியருக்கான அளவின்படி, வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 25 பேர் அளவில் நிறை கூடியவர்கள், இன்னும் 9 பேர் அளவில் உடற்பருமன் உள்ளவர்கள். பிறகு 2016 இல் முழு நாட்டிலும் எடுத்த குடிசன சுகாதாரக் கணிப்பில், 15 முதல் 49 வயது வரையான மணமான பெண்களில் நூற்றுக்கு 45 பேர் அளவில் நிறை கூடியவர்கள் அல்லது உடற்பருமன் உள்ளவர்கள் என்று தெரியவந்தது.

நம் தோட்டத்துக் கதை

"அது மட்டக்களப்பு. நாங்க மலையில ஏறி இறங்குறவங்க" என்று சொல்வீர்கள். உண்மைதான். கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு உடற்பயிற்சி பற்றி யாரும் பாடம் சொல்லத் தேவையில்லை. ஆனால் தோட்டத்தில் எல்லோரும் இன்று மலைக்குப் போவதில்லை. ஒருவர் பேர் வெட்டி வீட்டில் இருக்கிறார். ஒருவர் வாச்சர். ஒருவர் ஓட்டோ ஓட்டுகிறார். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறான். மகள் கார்மென்ட்டில் உட்கார்ந்து தைக்கிறாள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சபை 2020 இல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். 55 கிலோ நிறையுள்ள ஒரு பெண்ணுக்கு, கடின வேலை செய்தால் நாளுக்கு 2720 கலோரி வேண்டும். நடுத்தர வேலைக்கு 2130. உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 1660 போதும். கடின வேலையில் இருந்து உட்காரும் வேலைக்கு மாறினால், நாளுக்கு 1000 கலோரிக்கு மேல் தேவை குறைகிறது. நூறு கிராம் கோதுமை மாவில் சுட்ட ரொட்டியில் 350 கலோரி அளவு இருக்கும். ஆக, மூன்று ரொட்டி அளவுத் தேவை குறைந்துபோகிறது. முப்பது வருஷம் மலையில் உழைத்து, பேர் வெட்டிய அடுத்த மாதமே மூன்று ரொட்டியைக் குறைக்கிறவர் யார்? இருந்த பழக்கத்தில் சாப்பிடுகிறோம். நாலைந்து வருஷத்தில் வயிறு தள்ளுகிறது, முட்டு வலிக்கிறது, சீனி வருத்தம் வருகிறது.

கோதுமை மா நம் தட்டுக்கு வந்த வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில், 1942 இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கூப்பன் சாப்பாட்டில் கோதுமை மா முக்கியமாயிற்று. 1980 இல் திருகோணமலையில் பிரிமா மா ஆலை இயங்கத் தொடங்கிய பிறகு நாடு முழுவதும் மாவும் பாணும் இன்னும் எளிதாகக் கிடைத்தன. காலையில் அவசரமாகப் பெரட்டுக்குப் போகிறவருக்கு ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு போவது வசதி. செலவும் குறைவு. அப்படித்தான் நாம் ரொட்டிக்குப் பழகினோம். அது சோம்பலாலோ வாய் ருசியாலோ வந்த பழக்கம் அல்ல.

இன்னொரு முக்கியமான விஷயம், குறைந்த நிறையில் பிறக்கும் பிள்ளைகள் பற்றியது. இந்தியாவில் பூனா நகரத்தில் வைத்தியர் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து, இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். பூனாக் குழந்தைகளின் நிறை சராசரி 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுடையது 3.5 கிலோ. நிறை இவ்வளவு குறைந்தும் உடம்பில் கொழுப்பின் பங்கு குறையவில்லை. குறைந்தது தசைதான். வயிற்றில் இருக்கும்போது போதிய போசாக்குக் கிடைக்காத பிள்ளையின் உடம்பு, கிடைப்பதையெல்லாம் கொழுப்பாகச் சேமிக்கப் பழகிவிடுகிறது. பிறகு வளர்ந்து மாவும் சீனியும் தாராளமாகக் கிடைத்தால் மற்றவரைவிடச் சீக்கிரம் நீரிழிவு வந்துவிடுகிறது.

இது தோட்டத்துக்கு ஏன் முக்கியம்? அதே 2016 கணிப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 32 பேர் அளவு. இன்று வளர்ச்சி குன்றிய பிள்ளைக்கும் நாளைக்கு வயிறு பருத்து மருந்து எடுக்கும் தாய்க்கும் வேர் ஒன்றுதான். ஒரே லயத்தில், ஒரே வீட்டிலேயே இரண்டும் இருக்கலாம். வயிறு நிறைவது வேறு, உடம்புக்குச் சத்துச் சேர்வது வேறு.

வேறு காரணங்கள்

சாப்பாடும் வேலையும் முதல் காரணங்கள். அவை தவிர வேறும் உண்டு. பெற்றோருக்கு உடற்பருமன் இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்புக் கூட. பெண்களுக்கு ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் கூடிய நிறை கொஞ்சம் தங்கிவிடுவதுண்டு. தூக்கம் குறைந்தால் பசி கூடும். தைரொயிட் சுரப்பிக் குறைபாட்டாலும் சில மருந்துகளாலும் நிறை கூடலாம். திடீரென்று காரணமில்லாமல் ஊதினால் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

சாராயத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஒரு கிராம் மதுசாரத்தில் 7 கலோரி. ஒரு கிராம் சீனியில் 4 கலோரிதான். அதோடு கடிக்க எடுக்கும் பொரியலும் சேர்ந்தால் ஒரு நேரச் சாப்பாட்டை மிஞ்சிவிடும். "குடிச்சா மெலிஞ்சிடுவாங்க" என்பது முழு உண்மை அல்ல. கைகால் மெலியும், வயிறும் ஈரலும் கொழுக்கும்.

இதனால் வரும் கேடுகள்

முதலாவது நீரிழிவு. 2018, 2019 இல் நடந்த ஆய்வின்படி இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருக்கிறது. அதற்குப் பின்னால் பிரஷர், மாரடைப்பு, பாரிசவாதம், ஈரலில் கொழுப்பு, பித்தப்பைக் கல், முட்டுத் தேய்வு எல்லாம் வரிசையாக வரும். சில புற்றுநோய்களும் இதனால் கூடுகின்றன.

தோட்டத்து மனிதருக்கு இதில் ஓர் ஆபத்து அதிகம். நீரிழிவு முற்றினால் காலில் உணர்ச்சி குறையும். செருப்பில்லாமல் மலையில் நடக்கும்போது கல்லோ கட்டையோ குத்தினால் தெரியாது. சின்னக் காயம் புண்ணாகி, கடைசியில் விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரும். கால் போனால் அந்தக் குடும்பத்தின் பிழைப்பும் போய்விடும். ஆகவே நிறையைக் கவனிப்பது அழகுக்காக அல்ல, நம் காலையும் கையையும் காப்பாற்றுவதற்காக.

சாப்பாட்டில் என்ன செய்யலாம்?

பட்டினி கிடக்க வேண்டாம். ஒரு நேரம் பட்டினி கிடந்தால் அடுத்த நேரம் இரண்டு பங்கு சாப்பிடுவோம். சிறிது சிறிதாக மாற்றுவதே நிலைக்கும்.

முதலில் சீனி. ஒரு தேக்கரண்டி சீனி 5 கிராம், 20 கலோரி. ஒரு நாளைக்கு ஐந்து தேத்தண்ணி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 50 கிராம், 200 கலோரி. அதைக் கரைக்க ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் நடக்க வேண்டும். சீனியை நாளுக்கு 50 கிராமுக்குள் வைக்க வேண்டும், 25 கிராமுக்குள் வைத்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் தேத்தண்ணியிலேயே எல்லை முடிந்துவிடுகிறது. நாமே பறிக்கும் தேயிலையில் கலோரி இல்லை, கெடுதல் சீனியில்தான். இந்தக் கிழமை இரண்டு கரண்டியை ஒன்றரையாக்குங்கள். அடுத்த மாதம் ஒன்றாக்குங்கள். நாக்கு சீக்கிரம் பழகிவிடும்.

போத்தல் சோடாவை வாங்கும்போது லேபலைப் பாருங்கள். 2016 ஓகஸ்ட் முதல் இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கு நிற அடையாளம் கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. 2 முதல் 11 வரை மஞ்சள். 2 க்குக் கீழே பச்சை. எழுத்து வாசிக்கத் தெரியாத பாட்டிக்கும் நிறம் தெரியும். சிவப்பு இருந்தால் கடையிலேயே விட்டுவிடுங்கள்.

அடுத்தது ரொட்டி. ரொட்டியை விடச் சொல்லவில்லை, அளவைக் குறைக்கச் சொல்கிறோம். மாவில் பாதிக்குக் குரக்கன் மா கலக்கலாம். துருவிய கரட், நறுக்கிய முருங்கைக்கீரை, வெங்காயம் சேர்க்கலாம். அப்போது சிறிய ரொட்டியிலேயே வயிறு நிறையும். சம்பலோடு மட்டும் நிற்காமல் பருப்போ முட்டையோ ஒரு கறி வேண்டும்.

சோற்றுத் தட்டை இப்படிப் பிரியுங்கள். பாதித் தட்டு கீரையும் மரக்கறியும். கால் தட்டு பருப்பு, மீன், முட்டை, சோயா போன்றவை. மீதிக் கால் தட்டு சோறு. மலைக்குப் போகிறவர் சோற்றைக் கூட்டிக்கொள்ளலாம். 2015 இல் நடந்த ஆய்வில், இலங்கையில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 70 பேருக்கு மேல் போதிய மரக்கறியும் பழமும் சாப்பிடுவதில்லை என்று கண்டார்கள். கரட், கோவா, லீக்ஸ் எல்லாம் நம் கண்முன்னே லொறி ஏறிப் போகின்றன. விலை கேட்டால் வாங்க முடிவதில்லை. 2022 நெருக்கடியில் மீனும் முட்டையும் கூட எட்டாமல் போனதை யாரும் மறக்கவில்லை. ஆகவே லயத்துப் பின்புறத்தில் ஒரு பாய் அளவு நிலம் இருந்தாலும் பொன்னாங்காணி, வல்லாரை நடுங்கள். இடமில்லாதவர் பழைய உரப்பையில் மண் நிரப்பி நடலாம்.

வாவிக்கரைப் பெண்களிடம் இருந்து ஒரு பழக்கத்தைக் கற்கலாம். கூனியை வறுத்துச் சம்பல் போடுவார்கள், கீரையோடும் சேர்ப்பார்கள். ஒரு பிடி கூனியில் நல்ல புரதமும் கல்சியமும் உண்டு. மலைக்கடைகளில் நெத்தலிக் கருவாடும் கிடைக்கும். கருவாட்டில் உப்புக் கூட என்பதால் நன்றாகக் கழுவிச் சமைத்து, கறிக்கு வேறு உப்புப் போடாமல் விடுங்கள்.

எண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் 120 கலோரி. பொரிப்பதைக் கிழமைக்கு ஒரு தடவையாக்குங்கள். பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பாவிக்க வேண்டாம்.

உடற்பயிற்சி எப்படி?

வளர்ந்தவர்கள் கிழமைக்கு 150 நிமிடமாவது உடம்பை அசைக்க வேண்டும். நாளுக்கு அரை மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள். கொழுந்து எடுப்பவர், கவ்வாத்து வெட்டுபவருக்கு இது வேலையிலேயே முடிந்துவிடுகிறது. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் சத்துணவும்தான்.

மற்றவர்கள் நடக்க வேண்டும். பேசிக்கொண்டு நடக்க முடியும், பாட்டுப் பாட முடியாது என்ற வேகம் சரியானது. வாவிக்கரையில் தரை சமம், வெயில்தான் கொடுமை. ஆகையால் அங்கே விடியற்காலையில் நடக்கிறார்கள். நமக்கு வெயில் பிரச்சினை இல்லை, ஏற்றம்தான் பிரச்சினை. முட்டு வலி உள்ளவர் செங்குத்தான குறுக்குப் பாதையை விட்டு வண்டிப் பாதையில் நடக்கட்டும். கட்டாயம் செருப்போ சப்பாத்தோ போட வேண்டும். கோயிலுக்கும் கடைக்கும் ஓட்டோ பிடிக்காமல் நடந்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

தசை வலுவுக்கு ஒரு சின்னப் பயிற்சி. கதிரையில் இருந்து கையூன்றாமல் பத்துத் தடவை எழும்பி உட்காருங்கள். காலை, மாலை செய்யுங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், மூச்சு முட்டினால், தலை சுற்றினால் உடனே நிறுத்தி வைத்தியரிடம் போக வேண்டும்.

கேட்கப்படும் சில கேள்விகள்

"நடந்தும் நிறை குறையல. அப்ப என்னத்துக்கு நடக்கிறது?"

நல்ல கேள்வி. சென்னையில் வைத்தியர் ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவு வரும் நிலையில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2006 இல் வெளியிட்டார்கள். ஆலோசனை எதுவும் பெறாத பிரிவில் மூன்று வருஷத்துக்குள் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. நடந்து, சீனியையும் மாச்சத்தையும் குறைத்த பிரிவில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. இவர்களுக்கு நிறை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பலன் கிடைத்தது. ஆகவே தராசைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

"பிள்ளை குண்டா இருக்கான், சோத்தைக் குறைக்கவா?"

வேண்டாம். வளரும் பிள்ளையைப் பட்டினி போடக் கூடாது. பிஸ்கட், டொபி, சோடாவை நிறுத்தி விளையாட விடுங்கள். நிறையைக் குறைப்பதைவிட, உயரம் வளரும் வரை நிறை ஏறாமல் பார்ப்பதே போதும். குடும்பநல உத்தியோகத்தரிடம் வளர்ச்சி அட்டையைக் காட்டிக் கேளுங்கள்.

"மாசமா இருக்கிறவ சாப்பாட்டைக் குறைக்கலாமா?"

ஒருபோதும் கூடாது. தாய் சத்தாகச் சாப்பிட்டால்தான் பிள்ளை நல்ல நிறையோடு பிறக்கும். பிற்காலத்தில் அந்தப் பிள்ளைக்கு வரக்கூடிய நீரிழிவைத் தடுக்கும் வேலை அங்கேதான் தொடங்குகிறது. தாய்க்குக் கொடுக்கும் திரிபோஷாவைத் தாயே சாப்பிட வேண்டும்.

"மெலிய வைக்கிற மாத்திரை, பவுடர் விக்கிறாங்களே?"

வைத்தியர் எழுதித் தராத எதையும் வாங்க வேண்டாம். காசும் போகும், ஈரலும் சிறுநீரகமும் கெடும்.

"ஒண்ணும் செய்யாமலே மெலிஞ்சு வர்றேன். நல்லதுதானே?"

அல்ல. முயற்சி இல்லாமல் மெலிவது நீரிழிவு, காசநோய் போன்ற வருத்தங்களின் அடையாளமாக இருக்கலாம். உடனே பரிசோதிக்க வேண்டும்.

இந்த மாதம் செய்ய வேண்டியவை

1. வீட்டில் எல்லோருக்கும் கயிறு வைத்து அளந்து பாருங்கள்.

2. தேத்தண்ணிச் சீனியில் அரைக் கரண்டி குறையுங்கள்.

3. 35 வயது தாண்டியவர்கள், அரசாங்க வைத்தியசாலையில் உள்ள ஆரோக்கிய வாழ்க்கை நிலையத்தில் நிறை, பிரஷர், இரத்தத்தில் சீனி மூன்றையும் பாருங்கள். இதற்குக் காசு இல்லை.

4. பேர் வெட்டிய, அல்லது மலை வேலையை விட்ட ஒருவர் வீட்டில் இருந்தால், அவருடைய தட்டைப் பற்றி அன்பாகப் பேசுங்கள். "ஒழைச்ச ஒடம்பு, நல்லா சாப்பிடட்டும்" என்று ரொட்டியைக் கூட வைப்பதைவிட, ஒரு கீரைக்கறியைக் கூட வைத்து, மாலையில் அவரோடு கோயில் வரைக்கும் நடந்து போய் வாருங்கள்.

அடுத்த முறை யாராவது, "நல்லா உடம்பு வச்சிட்டீங்களே" என்று சொன்னால் கோபிக்க வேண்டாம். வீட்டுக்குப் போய்க் கயிற்றை எடுத்து அளந்து பாருங்கள்.